வண்ணக்கடைச் சென்னியம்மாள்

அம்மாபேட்டையில் ஒரு தறிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்ட சென்னியம்மாள், கல்யாணமாகிச் சில வருஷத்தில் புருஷன் மண்டையை உடைத்துவிட்டு எடப்பாடிக்கு வந்து சேர்ந்தாள். குடித்துவிட்டு வந்து அடிப்பது அவன் வழக்கம். ஒருநாள் அவன் உதைத்த உதையில் அவள் வயிற்றுப் பிள்ளை கலைந்துபோயிற்று. எழுந்து நடமாடத் தெம்பு வந்த அன்றே, அவன் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தபோது பின்னாலிருந்து உலக்கையால் ஒரு போடு போட்டாள். ஆள் சாகவில்லை. செத்திருந்தாலும் அவள் கலங்கியிருக்க மாட்டாள். காதிலும் மூக்கிலும் கிடந்ததை விற்று, சந்தை வீதியில் ஓர் ஓட்டுக் கட்டடத்தைப் பிடித்துக் கடை போட்டாள். இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில்.

பத்து வருஷத்தில் அந்தக் கடை சுற்றுப்பட்டுக்கெல்லாம் பேர்பெற்றுவிட்டது. வாசலில் குறுக்காகக் கட்டிய மூங்கில்களில் அவள் தம்பி நெய்து அனுப்பும் அம்மாபேட்டைச் சேலைகள் சிவப்பும் ஊதாவும் கிளிப்பச்சையுமாகத் தொங்கும். கீழே ஆட்டையாம்பட்டித் துண்டுகள் அடுக்கியிருக்கும். குயவர்களிடம் வாங்கிய மண்குதிரைகளுக்கும் பொம்மைகளுக்கும் அவளே வர்ணம் பூசுவாள். குதிரைக்கு நீல உடம்பு, மஞ்சள் பிடரி. எந்தக் குதிரை இந்த நிறத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்டால், "உங்க ஊட்டுக் குதிரை என்ன நெறம்? அதைச் சொல்லுங்க, அப்படியே பூசித் தாரேன்" என்பாள். குதிரை வைத்திருக்கிறவர்கள் அவளிடம் பொம்மை வாங்க வருவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். கொல்லையில் பெரிய செப்புக் கொப்பரையில் எப்போதும் சாயம் கொதிக்கும். நூலையும் பெட்டி முடைகிற பனையோலையையும் அதில் முக்கி முக்கி அவள் கைகள் முழங்கை வரை சிவந்தே கிடக்கும்.

மற்றக் கடைகளில் பண்ணைக் கூலிகள் வெளியில் நிற்க வேண்டும். துணியைத் தூக்கிப் போடுவார்கள், பிடித்துக்கொள்ள வேண்டும். சென்னியம்மாள் அப்படிச் செய்யவில்லை. "உள்ள வா கண்ணு. தொட்டுப் பாக்காம எப்படிச் சேலை எடுப்பே?" என்பாள்.

அத்தாயியிடமும் அப்படித்தான் சொன்னாள். மேற்கே கந்தப்பன் பண்ணாடியின் பண்ணையில் கடலைக்காய் பறிக்கிறவள் அத்தாயி. அந்தப் பண்ணையில் கூலிக்காரப் பெண்கள் சாயம் போடாத முரட்டுத் துணியை முழங்காலுக்கு மேல்தான் கட்ட வேண்டும். மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கென்று அத்தாயி ஒரு சிவப்புச் சேலையைத் தொட்டாள், கையை எடுத்தாள், மறுபடியும் தொட்டாள்.

"பண்ணாடி பாத்தா என்ன சொல்லுவாரோங்க அக்கா."

"சேலை உம்பட உடம்புக்கா, அவரு கண்ணுக்கா?"

அத்தாயி சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

அடுத்த சந்தையன்று உடம்பில் ஒரு கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சென்னியம்மாள் உள்ளே கூட்டிப்போய்ச் சாக்கை விலக்கினாள். முதுகில் தோலே இல்லை. நோம்பியன்று கோயிலுக்குப் போகிற வழியில் ஆளை விட்டுச் சேலையை உருவியெடுத்து, கந்தப்பன் தன் கையாலேயே மாட்டுச் சாட்டையால் அடித்திருக்கிறான். தடுக்க ஓடிவந்த அவள் புருஷன் காளியப்பனைப் புளியமரத்தில் கட்டிவைத்து வாயிலேயே குத்தியிருக்கிறார்கள். பாதிப் பல் கொட்டிப் போயிற்று.

சென்னியம்மாள் காயத்துக்கு எண்ணெய் தடவினாள். பிறகு மூங்கிலிலிருந்து அதே மாதிரி இன்னொரு சிவப்புச் சேலையை உருவி அத்தாயிக்குச் சுற்றிவிட்டாள்.

"வேணாங்க அக்கா! கொன்னுபோடுவாங்க!"

"பேசாம உக்காரு."

பொழுது சாய்வதற்குள் சேதி போய்விட்டது. கந்தப்பன் வண்டி கட்டிக்கொண்டு நாலு ஆட்களோடு கடை வாசலில் வந்து இறங்கினான். கையில் பூண் போட்ட தடி.

"என்ற பண்ணையத்து ஆளுங்களுக்கு வண்ணச் சேலை விக்கறயாமா?"

"நெய்யறது எங்க சனம். கட்டறது அவ. நடுவால உங்களுக்கு என்னங்க சோலி?"

அவன் தடியை வீசினான். அடுக்கிவைத்திருந்த மண்குதிரைகள் நொறுங்கி விழுந்தன. ஆட்கள் மூங்கில்களை முறித்துச் சேலைகளை வீதியில் வாரிப்போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். ஒருவன் உள்ளே புகுந்து அத்தாயியின் மயிரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான். தடுத்த சென்னியம்மாளின் இடது கையில் கந்தப்பனின் தடி இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எதிர்க்கடை வரை கேட்டதாகச் சொல்வார்கள். கேட்டவர்கள் ஒருவரும் எழுந்து வரவில்லை.

அவள் கொல்லைக்கு ஓடினாள். உயிருக்குப் பயந்து ஓடுகிறாள் என்று நினைத்துக் கந்தப்பன் பின்னாலேயே போனான். அடுப்பில் சாயம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவள் நல்ல கையால் ஒரு செம்பில் மொண்டு, திரும்பி, அவன் முகத்தில் வீசினாள். அவன் அலறிக்கொண்டு கண்ணைப் பொத்தினான். இன்னொரு தரம் மொண்டு பொத்திய கை மேலும் ஊற்றினாள். ஆட்கள் ஓடிவந்து அவளைக் கீழே தள்ளி மிதித்தார்கள். விலா எலும்பு முறிகிற வரை மிதித்தார்கள். கந்தப்பனின் கதறல் பெரிதான பிறகுதான் அவளை விட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வீதியில் துணி எரிந்து ஓட்டுக்கூரைக்கும் தீ தாவியது. அத்தாயிதான் அவளை இழுத்து வெளியே போட்டாள்.

கந்தப்பனுக்கு ஒரு கண் போயிற்று. வழக்கு நடந்தது, அவள் மேல் மட்டும். சாட்டையடியைப் பற்றியோ தீயைப் பற்றியோ சாட்சி சொல்ல ஆளில்லை. "கொதிக்கிற சாயம்னு தெரிஞ்சுதான் ஊத்துனயா?" என்று கோர்ட்டில் கேட்டார்கள். "ஆமாங்க. பச்சத்தண்ணியா இருந்தா ஊத்தியிருக்க மாட்டனுங்க" என்றாள். இரண்டு வருஷம் ஜெயில்.

விடுதலையாகி வந்தபோது இடது கை கோணலாகக் கூடியிருந்தது; தோளுக்கு மேல் எழும்பாது. கடை இருந்த இடத்தில் கரிச்சுவர் நின்றது. அதன் மேல் தென்னங்கீற்று போட்டு அத்தாயியும் காளியப்பனும் குடியிருந்தார்கள். அடிபட்ட வாரமே பண்ணையை விட்டு ஓடிவந்திருந்தார்கள். காளியப்பன் மூட்டை சுமந்துகொண்டிருந்தான்.

"எங்க போறதுன்னு தெரீலைங்க அக்கா" என்றாள் அத்தாயி. "உங்க எடத்துலயே இருந்துட்டமுங்க."

"நல்லதாப் போச்சு. நாளைக்கு அம்மாபேட்டைக்குப் போயி என்ற தம்பிகிட்டச் சேலை வாங்கியாரோணும். நீயும் வா."

மூங்கில்களில் மறுபடி நிறம் ஏறிய சில நாளில், விடியற்காலை, கந்தப்பனின் மேலாள் செங்கோடன் எண்ணெய்ச் சீசாவும் தீப்பந்தமுமாக வந்தான். அத்தாயியின் சேலையை அன்று வழியில் உருவினவன் அவன்தான். வாசல் தெளிக்க வந்த அத்தாயி அவனைப் பார்த்தாள். அவன் சிரித்தான். "அடியே, முதுகு ஆறிருச்சா?" என்றான். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். ஓலை அரிகிற அரிவாளோடு திரும்பி வந்தாள். பந்தத்தைப் பிடித்திருந்த கையில் ஒரு வெட்டு. மணிக்கட்டு தோலில் தொங்கியது. அவன் ரத்தம் சொட்டச் சொட்டச் சந்தை வீதி முழுக்க ஓடினான். அப்போதும் ஒருவரும் எழுந்து வரவில்லை.

போலீஸ் வரும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். காளியப்பன் வீதியை எட்டி எட்டிப் பார்த்தான். அத்தாயி அடுப்பு மூட்டிச் சோளச்சோறு ஆக்கினாள். சென்னியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலக்கையைப் போட்டுவிட்டு எடப்பாடிக்கு நடந்து வந்த அன்று தனக்கு ஒரு கவளமும் இறங்காதது நினைவுக்கு வந்தது. இவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

போலீஸ் வரவில்லை. கூலிக்காரி வெட்டினாள் என்று சொல்லச் செங்கோடனுக்கு வாய் வரவில்லை. கடலைக்காய் எந்திரத்தில் கை மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டான்.

அத்தோடு எல்லாம் அடங்கிவிடவில்லை. அந்த வருஷ நோம்பிக்குப் பண்ணையிலிருந்து மூன்று பெண்கள் வந்து வண்ணச் சேலை எடுத்தார்கள். கந்தப்பனின் ஆட்கள் ஒருத்தியை அடித்துக் காலை முறித்தார்கள். மற்ற இருவரும் சேலையைக் கழற்றாமலே கோயிலைச் சுற்றி வந்தார்கள். கால் முறிந்தவளைக் கட்டிலோடு தூக்கிவரச் சென்னியம்மாள் வண்டி அனுப்பினாள். கால் கூடுகிற வரை கடையிலேயே வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் பொம்மைகளுக்கு வர்ணம் பூசக் கற்றுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள்.