அம்பரெல்லா மரத்து விருந்தாளிகள்

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து ஐந்து நாள் என் மனைவி பவானி என்னோடு கதைக்கவில்லை. தேநீர் வந்தது, சாப்பாடு வந்தது... கதை மட்டும் வரவில்லை. குற்றம் என்னுடையதுதான்.

அச்சுவேலியில் வீடு கட்டிக் குடிவந்ததும் பவானி முதலில் நட்டது ஒரு அம்பரெல்லா மரம். இரண்டு வருடமாக மஞ்சள் புழுக்கள் அதை மொட்டையடித்துக்கொண்டிருந்தன. துளிர்க்கும், மறுபடி மொட்டை. இன்னொரு தடவை மரம் தாங்காது என்று அவள் பயந்துபோயிருந்தாள்.

அதே மரத்தில், செம்மஞ்சள் முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த வண்டுகளும் திரிந்தன. பவானி புழுவோடு சேர்த்து அவற்றையும் நசுக்கப் போனாள். நான் விடுவேனா? எனக்குத்தான் எல்லாவற்றிலும் ஒரு அபிப்பிராயம் உண்டே.

"உது பொறிவண்டு. பூச்சியைத் தின்னும். எங்கடை கூட்டாளி, விடும்" என்று தடுத்தேன். எங்கேயோ வாசித்த அரைகுறை அறிவு.

பக்கத்து வீட்டுத் தர்சினி பல்கலைக்கழகத்தில் மரப் பூச்சிகளை ஆய்வு செய்கிறாள். என் கட்சிக்கு வலுச்சேர்க்கப் புழு இரண்டும் வண்டு இரண்டும் போத்தலில் பிடித்து அவளிடம் கொடுத்தேன். டிஎன்ஏ பார்த்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை வந்தாள்.

"மாமா, ரெண்டின்ரை டிஎன்ஏயும் ஒண்டுதான். உது பொறிவண்டில்லை, இலைவண்டு. அது இடுற முட்டையிலையிருந்துதான் உந்தப் புழு வருது. ரெண்டும் இலைதான் தின்னும்."

பவானி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு வருசமாப் பிள்ளையளை நசுக்கிப்போட்டு, தாய்தேப்பனுக்கு விருந்து வைச்சிருக்கிறியள்."

அதோடு கதை நின்றது.

அந்த ஐந்து நாளும் யோசித்தேன். எங்கள் படலையைப் புது ஆள் யாராவது திறந்தால் முதல் கேள்வி என்ன? "நீர் ஆற்றை பிள்ளை?" யாருடைய பிள்ளை என்று தகப்பன், பாட்டன், தாய்வழி எல்லாம் விசாரித்த பிறகுதான் உட்காரக் கதிரை. அந்தக் கேள்வியால் எத்தனை பேரைக் குறுக வைத்திருக்கிறோம் – நானும்தான். நினைக்க வெட்கமாக இருக்கிறது. கேட்கவே தேவையில்லாத மனிதரிடம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டிய இடத்தில், முதுகுப் புள்ளியைப் பார்த்தே நம்பிவிட்டேன்.

இப்போது காலையில் சவர்க்காரத் தண்ணீர் வாளியோடு வண்டு பொறுக்குவது என் வேலை. நுனிக்கிளையில் இரண்டு துளிர் வந்திருக்கிறது.

நேற்று அங்கே சின்னதாய், சிவப்பாய், புள்ளியோடு இன்னொரு வண்டு. கையை நீட்டினேன். பின்னால் பவானி வாய் திறந்தாள்.

"பொறுங்கோப்பா. உது ஆற்றை பிள்ளையெண்டு முதல்லை தர்சினியைக் கேளுங்கோ."