பீரோவில் இருந்த பன்னிரண்டு புத்தகங்கள்

மட்டாஞ்சேரி பஜாரில் ஓர் அரிசி மண்டிக்கு மேலே ஒற்றை அறை. வாரம் மூன்று நாள் சாயங்காலம் கங்கா அங்கே ஜப்பான் பாஷை சொல்லிக்கொடுத்தாள். அதற்கு முன் பதினொரு வருஷம் தோப்பும்படியில் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. இறால் உரிக்கப் போனவள், பிறகு தரம் பிரிக்கிற மேசைக்கு வந்தாள். சரக்கைச் சோதிக்க மோரித்தா என்ற ஜப்பான்காரர் வருஷத்தில் ஆறு மாதம் வந்து தங்குவார். அவருக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். கங்காவுக்குக் காது கூர்மை. அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லியே பிடித்துக்கொண்டாள். மூன்றாம் வருஷம் மானேஜரே அவளைக் கூப்பிட்டு, "கங்கே, இயாள் எந்தா பறயுன்னது?" என்று, அவர் சொல்வது என்னவெனக் கேட்கும்படி ஆயிற்று.

முனிசிபாலிட்டியில் தெரு கூட்டினவரின் மகள் ஜப்பான்காரரோடு சரிக்குச் சரி பேசுகிறாள் என்பது அந்தத் தெருவுக்கே பெருமை. கம்பெனி மூடிப்போனதும், 2003-இல், நாலு பேர் சொல்லி வகுப்பைத் தொடங்கினாள். வாசலில் போர்டு வைத்தாள். போர்டில் 'டீச்சர்' என்று போட்டுக்கொண்டபோது கை கொஞ்சம் கூசியது. பிறகு பழகிவிட்டது.

அவளுக்குத் தெரிந்தது பேச்சு. எழுத்தில், அசை எழுத்து இரண்டு வகையும் தெரியும். சித்திரம் மாதிரி இருக்கும் சீன எழுத்தில் நூறு தெரிந்தால் அதிகம். அதுவும் இறால் பெட்டியில் அச்சடித்திருந்தவை: உறைந்தது, எடை, தேதி. ஜெராக்ஸ் எடுத்த முதல் பாடப் புத்தகம் ஒன்றை வைத்தே காலம் ஓடியது. வந்தவர்கள் ஹோட்டல் பையன்களும் கடைக்காரர்களும். வணக்கமும் விலையும் சொல்லத் தெரிந்தால் அவர்களுக்குப் போதும். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

2006-இல் ஷைலஜா வந்தாள். சுற்றுலாப் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவள். கங்காவைவிட ஐந்து வயது மூத்தவள். ஆனாலும் வாய் நிறைய 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவாள். கொடுத்த வீட்டுப்பாடம் ஒன்றைக்கூட விட்டதில்லை. பத்து மாதத்தில் பாடப் புத்தகம் முடிந்தது.

"டீச்சரே, இது கழிஞ்சு. இனி நான் எந்தா வாசிக்கிறது?" என்று கேட்டாள். கையில் ஒரு ஜப்பான் செய்தித்தாள். யாரோ பயணி விட்டுப்போனது. "இதுல ஒரு வரிகூட மனசிலாகல. பாடத்துக்கும் இதுக்கும் நடுவுல ஒண்ணும் இல்லையா? நம்ம பிள்ளைங்க ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸுன்னு படியேறிப் போகுதே, அது மாதிரி?"

"பாக்கிறேன் சேச்சி" என்றாள் கங்கா. அந்தச் செய்தித்தாளில் அவளுக்கும் தேதி மட்டும்தான் புரிந்தது.

உண்மையாகவே தேடினாள். எர்ணாகுளத்தில் பழைய புத்தகக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். அகராதி இருந்தது, இலக்கணம் இருந்தது, வாசிக்க ஒன்றும் இல்லை. ஒரு ஹோம்ஸ்டேயில் ஜப்பான் குழந்தைகளின் படக்கதை கிடைத்தது. சின்னப் பிள்ளை புத்தகம்தானே என்று ஆசையாகத் திறந்தாள். மழை பெய்கிற சத்தம், தவளை தாவுகிற சத்தம், தாய் பிள்ளையைக் கொஞ்சுகிற பேச்சு என்று அகராதியிலேயே அகப்படாத சொற்கள். அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்குத்தான் அது எளிது. கடைசியில் மோரித்தாவுக்கு அசை எழுத்தில் நாலு வரி எழுதிப் போட்டாள். 'என் மாணவர்களுக்கு எளிய வாசிப்புப் புத்தகம் வேண்டும்.'

2007 ஜூனில் பார்சல் வந்தது. பன்னிரண்டு மெல்லிய புத்தகங்கள். பாஷை படிக்கிற வெளிநாட்டுக்காரருக்கென்றே நாலு படியாகப் பிரித்து, படிக்கு ஒரு நிற அட்டை போட்டவை. கூடவே ஒரு தாள்: அகராதி வேண்டாம், தெரியாத இடத்தைத் தாண்டிப் போ, கஷ்டமாக இருந்தால் மூடிவிட்டு வேறொன்றை எடு.

முதல் படிப் புத்தகத்தைப் பார்சல் பிரித்த இடத்திலேயே நின்றபடி வாசித்து முடித்தாள். பக்கத்துக்கு ஒரு படம், இரண்டு வரி. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜப்பான் கதையை முதலிலிருந்து கடைசிவரை வாசித்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே இரண்டாம் படியை எடுத்தாள். மெதுவாகப் போயிற்று, ஆனாலும் போயிற்று. மூன்றாம் படியில் பாதிப் பக்கத்தில் நின்றுவிட்டாள். நாலாவதைத் திறந்து மூடினாள்.

பார்சலின் அடியில் மோரித்தாவின் சிறு கடிதம். அவளுக்குப் புரிய வேண்டுமென்று அவரும் அசை எழுத்திலேயே எழுதியிருந்தார். 'கங்கா சான், உங்களுக்கு இவை விளையாட்டுபோல இருக்கும். மாணவர்களுக்குக் கொடுங்கள்.'

முகம் காந்தியது. இவற்றை ஷைலஜாவிடம் கொடுத்தால் ஆறு மாதத்தில் மூன்றாம் படிக்கு வந்துவிடுவாள். "டீச்சரே, இந்த வரி எந்தா?" என்று கேட்பாள். அப்போது என்ன சொல்வது? கங்கா பன்னிரண்டையும் பழைய துண்டில் சுற்றி பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள்.

"புஸ்தகம் வல்லதும் கிடைச்சா டீச்சரே?" என்று ஷைலஜா ஜூலையில் கேட்டாள்.

"இல்ல சேச்சி. அப்படி ஒண்ணும் கிடையாதாம். பாடத்தையே இன்னொரு தடவை படிங்க."

ஷைலஜா நம்பினாள். தேய்ந்துபோன அந்த ஜெராக்ஸையே மறுபடி மறுபடி படித்தாள். டிசம்பரில் சென்னைக்கு ரயிலேறிப் போய் ஜப்பான் பாஷைப் பரீட்சை எழுதினாள். அடுத்த வருஷம் முடிவு வந்த அன்று நேராகக் கங்காவின் வீட்டுக்கே வந்துவிட்டாள். கேட்டுப் புரிந்துகொள்வதில் நல்ல மார்க். வாசிப்பில் விழுந்து, அதனாலேயே தேறவில்லை.

"டீச்சர் மேல குத்தமில்ல. என் தலையிலதான் ஏறல. இந்த வயசுல இதெல்லாம் வேண்டாததுதான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். கங்கா சாயா கிளாஸை அவள் முன்னால் வைத்தாள்.

கங்காவின் புருஷன் அழகர் அப்போதுதான் மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு வந்திருந்தான். விவரம் ஏதும் அறியாதவன். "ஏன் சேச்சி, அந்த ஜப்பான் பார்சல்ல வந்த புஸ்தகம் ஒண்ணும் உங்களுக்கு உதவலையா? கங்கா, நீ கொடுத்ததானே?"

கங்கா உள்ளே போய்த் துண்டு மூட்டையை எடுத்துவந்து வைத்தாள். ஷைலஜா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மோரித்தாவின் கடிதமும் உள்ளேதான் இருந்தது. அதை அவளால் வாசிக்க முடிந்தது. தேதியையும் பார்த்தாள்.

"ஜூன்லயா?" என்றாள்.

"ரெண்டாவது படிக்கு மேல எனக்கும் தெரியாது சேச்சி" என்றாள் கங்கா. "நீங்க கேட்டா என்ன செய்யன்னு பயந்துட்டேன்."

"தெரியலைன்னு சொல்லியிருந்தா சேர்ந்து இருந்து படிச்சிருப்போமே. நான் எனக்குப் புத்தியில்லன்னுல்ல நெனச்சேன்." திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஷைலஜா புத்தகங்களைத் துண்டோடு எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். சாயா ஆறிப் போயிருந்தது. அழகர் அந்தக் கிளாஸை எடுத்துப் போய்க் கழுவி வைத்தான். அதுவும் அவளைச் சுட்டது.

ஷைலஜா அதன் பிறகு வகுப்புக்கு வரவில்லை. வீட்டிலேயே வாசித்து மறு டிசம்பரில் தேறினாள். புத்தகங்களை இன்னொரு மாணவனான பிஜுவிடம் கொடுத்தனுப்பினாள். புரியாத இடங்களில் பென்சிலால் சின்னப் புள்ளிகள். முதல் புத்தகங்களில் நிறைய, போகப்போகக் குறைச்சல். சீட்டு ஒன்றும் வைத்திருக்கவில்லை.

கங்கா மூன்றாம் படியை மறுபடி எடுத்தாள். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். புதிதாக யார் சேர வந்தாலும், தனக்கு எவ்வளவு தெரியும், எங்கே நிற்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறாள். சிலர் கேட்டுவிட்டு வேறிடம் தேடிப் போகிறார்கள். புத்தகங்கள் இப்போது வகுப்பில் ஜன்னலோரம் இருக்கின்றன, யாரும் எடுத்துப் போகலாம்.

பஜாரில் ஒருநாள் ஷைலஜா ஜப்பான்காரர் கூட்டம் ஒன்றோடு எதிரே வந்தாள். கடைப் பலகை ஒன்றைக் காட்டி என்னவோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். "சுகமா, கங்கா?" என்று நின்று கேட்டாள். டீச்சர் என்று சொல்லவில்லை. "சுகம் சேச்சி" என்று சொல்லிவிட்டு, கங்கா தலையைக் குனிந்தபடி மிளகு மூட்டை லாரிக்கு அந்தப் பக்கமாக ஒதுங்கி நடந்தாள்.