ஆடி வெள்ளியும் நீலத்திரையும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அடிக்கடி வேலை நின்று நீலத்திரை வந்தபோது, அது அப்பாவின் தொழிற்சாலை அனுப்புகிற நோட்டீஸ் என்று நம்பினேன். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, முழுசாக ஒரு மாதம் நம்பினேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பன்னிரண்டு வயதில் ஒருவன் இவ்வளவு முட்டாளாக இருக்க முடியுமா என்று கேட்டால், முயன்றால் முடியும் என்பதே என் பணிவான பதில்.

நாங்கள் ஹைதராபாத் பக்கம் ராமச்சந்திராபுரத்தில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா அங்கே கடைசல் பிரிவில் போர்மன். ஹைதராபாத் முழுக்கக் கம்ப்யூட்டர் பேச்சாக இருந்த வருஷங்கள் அவை. அமீர்பேட்டையில் மாடிக்கு மாடி பயிற்சி மையம். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, திருநெல்வேலியிலிருந்து ஒரு சூட்கேஸும் ஒரு டிகிரியுமாக வந்து, எங்கள் ஹாலில் பாய் விரித்து, தினமும் பஸ் ஏறி அமீர்பேட்டை போய்ப் படித்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று மாமா சொன்னார். ஷோரூமில் வாங்கலாம் என்றார் அப்பா. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே மாட்டுகிறேன் என்றார் மாமா. அப்பா கேட்டார்.

"ஏ மாப்ள, தனித்தனியா வாங்கி மாட்டுத சாமானுக்கு நாளைக்குப் பொறுப்பு யாரு?"

"நாந்தான் அத்தான்."

"பாத்துக்கோ. நீதான் சொல்லியிருக்க."

அதற்குப் பிறகு அப்பா போட்ட ஒரே நிபந்தனை, ஆடி பிறப்பதற்குள் சுவிட்சைப் போட்டுவிட வேண்டும் என்பது. ஆடியில் எங்கள் வீட்டில் புது வாளிகூட வாங்கமாட்டார்கள். மாமா செகந்திராபாத் கடைத்தெருவில் அலைந்து, மதர்போர்டைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆனி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி மாட்டி முடித்தார். அம்மா பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அப்பாவுக்கு அது திருப்தியாக இல்லை. "பெட்டிக்கு வச்சு என்னத்துக்கு" என்று முணுமுணுத்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியின் பக்கத்துத் தகட்டை மாமா மாட்டவே இல்லை. காற்று போகும், அடிக்கடி திறக்க வேண்டிவரும், சும்மா கிடக்கட்டும் என்றார். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிய, அது பாதி ஆபரேஷனில் எழுந்து உட்கார்ந்த நோயாளி மாதிரி இருந்தது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். சிடியைப் போட்டு ஏற்றும்போது பெயர் என்ன, நிறுவனம் என்ன என்று திரையில் இரண்டு கட்டங்கள் வந்தன. மாமா டீ குடிக்க எழுந்தவர், "என்னமாச்சும் அடில" என்றார். நான் பொறுப்புள்ள பிள்ளை. அப்பாவின் பெயர், அவருடைய ஸ்டாஃப் நம்பர், தொழிற்சாலையின் பெயர், பிரிவு, எல்லாவற்றையும் ஒரு எழுத்து தப்பாமல் அடித்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா என்னையும் தங்கையையும் கூப்பிட்டுச் சொன்னார். கம்ப்யூட்டர் வாங்கினதை வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது. பெரிய சாமான் வாங்கினால் ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும், அது விதி. அவர் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை, அடுத்த வாரம் கொடுப்பார்.

நான் வெளியாள் யாரிடமும் சொல்லவில்லைதான். கம்ப்யூட்டரிடமே சொல்லியிருந்தேன். அந்தக் கம்ப்யூட்டரை மாமா இன்டர்நெட்டுக்காக டெலிபோன் ஒயரில் வேறு மாட்டியிருந்தார். அதே டெலிபோன் ஒயர்தான் தொழிற்சாலைக்கும் போகிறது.

அந்த வெள்ளிக்கிழமை, முதல் ஆடி வெள்ளி, மத்தியானம் மாமா தன் ப்ராஜெக்டை அடித்துக்கொண்டிருந்தபோது திரை திடீரென்று முழு நீலமானது. நீலத்தின்மேல் வெள்ளையில் இங்கிலீஷ், நடுவில் நீளமாக ஒரு நம்பர். அந்த நம்பரில் ஒரு ஏழும் ஒரு மூன்றும் இருந்தன. அப்பாவின் ஸ்டாஃப் நம்பரிலும் ஒரு ஏழும் ஒரு மூன்றும் இருந்தன. இதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? போதாததற்கு அந்த நீலம் கம்பெனி பஸ்ஸின் நீலம்.

மாமா அணைத்துப் போட்டார். மறுபடி நீலம். சனிக்கிழமையும் நீலம். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினார். சமர்த்தாக ஓடியது. வியாழன்வரை ஓடியது. வெள்ளிக்கிழமை நீலம். அடுத்த ஞாயிறு ஒரு சிநேகிதனிடமிருந்து வேறு பவர் பெட்டி வாங்கி வந்து மாட்டினார். ஓடியது. வெள்ளிக்கிழமை நீலம். அதற்கடுத்த ஞாயிறு, மழை ஈரம்தான் காரணம் என்று டேபிள் ஃபேனைத் திறந்த பெட்டிக்கு நேராக வைத்தார். ஓடியது. இப்படி ஒவ்வொரு ஞாயிறும் ஜெயித்து, காலரைத் தூக்கிவிட்டு, வாரக் கடைசியில் தோற்றார். எது சரியானது, எது மறுபடி கெட்டது என்று அவருக்கே குழம்பிப் போனது.

நான் என் பங்குக்கு நடவடிக்கைகள் எடுத்தேன். டெலிபோன் ஒயரைப் பிடுங்கினேன். அப்பாவுக்கு ஷாப்பிலிருந்து, அதாவது அவருடைய கடைசல் பிரிவிலிருந்து, வரவேண்டிய போன் இரண்டு நாள் வரவில்லை. ஒயரைக் கடித்ததாகப் பழி பெருச்சாளிமேல் விழுந்தது. தங்கைக்குப் பயிற்சி கொடுத்தேன்: யாராவது வந்து கேட்டால், "எங்க வீட்டுல கம்ப்யூட்டர் இல்ல, அது டிவி" என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு நீலத்தையும் தேதி, கிழமை, மணி போட்டு என் சோஷியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன். விசாரணை என்று வந்தால் ஒத்துழைத்த குற்றவாளிக்குக் கொஞ்சம் சலுகை கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது. கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் நோட்டு. நான் பாய்ந்து போய்க் கம்ப்யூட்டர்மேல் போர்வையைப் போர்த்தி, மேஜை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வந்தவர் குவார்ட்டர்ஸ் எலெக்ட்ரீஷியன். ஃபேன் ரெகுலேட்டர் பார்க்க அம்மா எழுதிப் போட்டிருந்தாள். அவர் போர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"க்யா ரே, டிவிகு தண்டி லக்ரீ க்யா?"

டிவிக்குக் குளிருகிறதா என்று கேட்கிறார். "ஹவ்", அதாவது ஆமாம், என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் ரெகுலேட்டரை மாற்றிவிட்டு, நோட்டில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். தங்கை மட்டும் வாசல்வரை பின்னாலேயே போய், "எங்க வீட்டுல கம்ப்யூட்டர் இல்ல அங்கிள்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இதற்கு நடுவில் விஷயம் முற்றிவிட்டது. நகரத்தில் ஒரு கம்பெனி மாமாவை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமை, ப்ராஜெக்டை ஃப்ளாப்பியில் கொண்டுவர வேண்டும். நான்காவது ஆடி வெள்ளியன்று வந்த நீலத்திரை, முக்கால்வாசி முடிந்திருந்த அந்த ப்ராஜெக்டை விழுங்கிவிட்டது. சனிக்கிழமை காலையில் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பேசினார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"மாப்ள, கடக்காரன் உன் தலையில டூப்ளிகேட்டக் கட்டிட்டான். நீயும் பொறுப்பு எடுத்துக்கிடுதேன்னு சொன்ன. நாளைக்குள்ள ஓடலன்னா, கைய வீசிட்டுப் போயி அவங்ககிட்ட என்னத்தக் காட்டுவ? ஊருக்கு ரயிலேறு. உன் அண்ணங்கூட ரைஸ்மில்லப் பாரு."

மாமா தலையைக் குனிந்துகொண்டு, "சரி அத்தான்" என்றார். அம்மா அடுப்படியில் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. என் மாமா ரைஸ்மில்லுக்குப் போகப்போகிறார், காரணம் நான். சாயங்காலம், அவர் திறந்த பெட்டியின் முன்னால் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது, எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். ஸ்டாஃப் நம்பர், ஒயர், தொழிற்சாலை, எல்லாம்.

"ஏல, ஃபேக்டரிக்கு வேற சோலியே இல்லியால?" என்றார் மாமா. சிரிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

சாட்சிக்கு நோட்டை நீட்டினேன். வேண்டாவெறுப்பாக வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தார். வெள்ளி, சனி. வெள்ளி, சனி. வெள்ளி, சனி. வெள்ளி, சனி. நான்கு வாரமும் அப்படித்தான். வேறு கிழமை ஒன்றுகூட இல்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி பூஜை அலமாரியைப் பார்த்தார். அதில் நேற்றைய ஆடி வெள்ளிப் பூ இன்னும் வாடாமல் இருந்தது. பிறகு பெட்டிக்குள் கையை விட்டு, பட்டை ஒயர்களை ஒதுக்கி, கம்ப்யூட்டரின் ஞாபகசக்தியான, அதுவரை தொடாத ராம் அட்டையைப் பிடுங்கினார். சீப்பு மாதிரி சின்ன அட்டை. அதன் பல்வரிசையில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

ஹாலின் மறுபக்கத்தில் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். காலையில் ஏற்கனவே படித்து முடித்த தாள். அது இப்போது ஒரு சாண் மேலே ஏறி அவர் முகத்தை மறைத்தது.

"ரப்பர் இருக்கால?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

என் பென்சில் ரப்பரைக் கொடுத்தேன். அட்டையின் பற்களை அதனால் தேய்த்தார். தங்க நிறம் பளிச்சென்று வந்தது. அட்டை செருகுகிற பள்ளத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, அட்டையை அழுத்தி மாட்டி, சுவிட்சைப் போட்டார். அது சனிக்கிழமை. நீலம் வரவில்லை.

"என்னவாம்?" தாளுக்குப் பின்னாலிருந்து அப்பா கேட்டார்.

"தூசி அத்தான். உள்ள தூசி அடஞ்சு போச்சு."

"கடக்காரன் ஏமாத்தலியா?"

"இல்ல அத்தான். எல்லாம் நல்ல சாமான்தான். நாந்தான் மூடி வச்சிருக்கணும்."

கட்டிலுக்கடியில் கிடந்த பக்கத்துத் தகட்டை எடுத்து வந்து, அன்றுதான் முதல்முறையாக மாட்டினார். நான்கு திருகையும் இறுக்கினார். அப்பா "ம்" என்றார். மறுநாள் முழுக்க மாமா உட்கார்ந்து விழுங்கப்பட்டதைத் திரும்ப அடித்தார். திங்கட்கிழமை ஃப்ளாப்பியோடு போனார். அந்த வேலை கிடைத்தது.

எனக்கோ சந்தேகமே இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் மாமா தூசி என்று பொய் சொன்னார். ரப்பரால் தேய்த்து என் குற்றத்தை அழித்திருக்கிறார். நன்றிக்கடனாக ஒரு வாரம் அவர் காலைப் பிடித்துவிட்டேன். அவரும் எதற்கு என்று கேட்காமல் காலை நீட்டினார்.

பல வருஷம் கழித்து அப்பா ரிட்டயர் ஆன நாளில் குடும்பத்தோடு ஷாப்புக்குள் போக அனுமதித்தார்கள். மாமாவும் வந்திருந்தார். அப்பா தன் கடைசல் இயந்திரத்துக்குக் கடைசியாக ஒருமுறை பொட்டு வைத்தார். பளபளப்பாகப் பெயிண்ட் அடித்த உடம்பை அவர் தொடவே இல்லை. கையை உள்ளே விட்டு, சுழல்கிற பாகத்தைத் தடவிக் கண்டுபிடித்து, அங்கே வைத்தார். அந்த ஷாப்பில் அதுதான் வழக்கம். வேலை செய்கிற இடத்துக்குத்தான் பொட்டு. நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கூரையைப் பார்த்தார்.

நடந்தது இவ்வளவுதான். நான்கு ஆடி வெள்ளியும் காலை ஷிப்டு பஸ்ஸுக்குக் கிளம்புமுன், மச்சானுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, திறந்து கிடந்த பெட்டிக்குள் கையை விட்டு ராம் அட்டைக்கு, காய இரண்டு நாள் பிடிக்கிற ஈரச் சந்தனம் வைத்தவர் அப்பா.