மூன்றாம் ஓலை

காரைக்காலில் மாதாகோயில் என்றால் கத்தோலிக்கர்களின் பெரிய கோயில்தான் எல்லாருக்கும் தெரியும். தலத்தெருவுக்குப் போகிற வழியில் புராட்டஸ்டண்டுக்காரர்களான எங்களுக்கும் ஒன்று இருந்தது என்றால் சிரிக்கிறார்கள். "பிரெஞ்சுக்காரன் ஊர்ல இங்கிலீஷ் கோயிலா?" ரயில் வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த குடும்பங்களுக்காகக் கட்டியது என்று அப்பா சொல்வார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. எட்டாவதோடு நின்றவள் நான், சரித்திரம் எழுத உட்காரவில்லை. என் ஓலை அங்கேதான் பாதியில் நின்றது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண்ணின் கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் நிச்சயமாகியிருக்கிறது, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். அது எண்பதுகளின் தொடக்கம், ஐப்பசி. சபையில் மிஞ்சியதே ஏழெட்டுக் குடும்பம். ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், நாகப்பட்டினத்திலிருந்து எப்போதாவது வருவார், மற்ற வாரங்களில் ஆராதனை நடத்துவது உள்ளூர் உபதேசியார்தான். முதல் இரண்டு ஞாயிறும் அவர் வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது நானும் ஒவ்வொரு பெஞ்சாகத் திரும்பிப் பார்த்தேன். யாராவது எழுந்துவிட்டால்? என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் பயம். நல்லவேளை, ஒருத்தரும் எழவில்லை.

இரண்டாம் ஓலைக்கு மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. ஓடு சரிந்து கோயிலுக்குள் தண்ணீர். அங்கிருந்த பெஞ்சு ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் செய்து வைத்தது. உபதேசியார் குடையோடு வீடு வீடாக வந்தார். "ஊறிப் போயிடும்ங்க. அவங்கவங்க பெஞ்சை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க, ஞாயித்துக்கிழமை கொண்டாந்துக்கலாம்."

எங்களுடையதை அப்பாவும் அண்ணனும் தலையில் தூக்கி வந்தார்கள். எதிர்க் கடை பாய் விடவில்லை. "என்ன மாமா, சாமி வாடகை குடுக்கலையா? சாமானையெல்லாம் வெளிய எடுக்குறீங்க?"

"பெஞ்சுக்குக் குளிருதாம் பாய்!" என்றார் அப்பா. தெருவே சிரித்தது.

சனிக்கிழமை நாகப்பட்டினத்தில் இருக்கும் சபை மேலிடத்திலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். யாருக்கும் தகவல் இல்லை. உள்ளே வெறும் தரை, முழங்கால் தண்ணீர், மேடையில் ஒதுங்கிய ஆடுகள். சபை கலைந்துவிட்டது என்று முடிவு கட்டி, பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பூட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள், அதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஞாயிறு காலை மழை விட்டதும் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டின் முன்னால் நின்றோம். உபதேசியார் வாசலிலேயே வாசித்துவிடுகிறேன் என்று ஓலையை விரித்தார். மாயவரத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"தெருவுல நின்னு கூவ என் மகன் கல்யாணம் என்ன மீன் ஏலமாங்க?"

மூன்றாம் ஓலை மடிந்து பைபிளுக்குள் போனது.

அப்பா நாகப்பட்டினம் போய் மன்றாடினார். "சபை இருந்தா பெஞ்சு இருந்திருக்கும்ல?" என்று கேட்டார்களாம். "வீட்டுல இருக்குங்க" என்றிருக்கிறார் அப்பா. "கோயில் பெஞ்சுக்கு வீட்டுல என்ன வேலை?" என்று மடக்கினார்களாம். வேண்டுமானால் நாகப்பட்டினம் கோயிலில் முதலிலிருந்து மூன்று ஓலையும் வாசிக்கலாம் என்று இரக்கம் காட்டி அனுப்பினார்கள்.

மாப்பிள்ளை வீட்டில் அதையும் சொல்லிப் பார்த்தோம். மறுவாரம் மாப்பிள்ளையின் அப்பா வீட்டுக்கு வந்தார். உட்காரவைக்க எங்களிடம் வேறு என்ன இருந்தது? அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்தார்.

"பொண்ணு மேல குறை ஒண்ணும் இல்லைங்க. நடுவுல பூட்டு விழுந்த காரியம், மனசு ஒப்பலை."

காப்பியை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

கோயிலை அடுத்த கோடையில் விற்று இடித்தார்கள். இப்போது அங்கே லாட்ஜ். அப்புறம் எனக்கு வந்த வரன்களும், "ஓலை பாதியில நின்ன பொண்ணா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். பெஞ்சைத் திருப்பிக் கொடுக்க இடமில்லை. அதில் நான்தான் படுக்கிறேன். ஒரு ஆளுக்குச் சரியாக இருக்கும், புரண்டால் விழுந்துவிடுவேனோ என்று பயந்துகொண்டே தூங்குவேன்.