யாருக்கு வலி

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் சேர்ந்து மெத்தையைப் புரட்டிப் போட்டார்கள். பஞ்சு ஒரு பக்கமாக அமுங்கிப்போய், படுத்தால் பள்ளத்தில் விழுந்த மாதிரி இருந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து நிமிர்த்தினார்கள். பாதியில் அப்பா நின்று, மெத்தையின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"தோள் வலிக்குது."

"யாருக்கு?" என்றாள் மகள்.

"இன்னைக்கு லீவு. அதனால எனக்குத்தான்."

சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். மெத்தை மறுபக்கம் விழுந்து தூசி கிளப்பியது.

அந்த வீட்டில் அது பழைய கேலி. அப்பா மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர். நாலு மொழி பேசுவார். வார்டுகளில் அவருக்கு நாலுவாயர் என்று பெயர். நோயாளி சொல்வதை நோயாளியாகவே சொல்ல வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. 'அவருக்கு வயிறு வலிக்கிறதாம்' என்று சொல்லக் கூடாது. 'எனக்கு வயிறு வலிக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் ஒருவர் நிற்பதே தெரியக் கூடாது. அப்படிப் பல வருஷம் அப்பா பிள்ளை பெற்றார், காலை ஒடித்துக்கொண்டார், கண் மங்கினார். சாயந்திரம் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார். அவர் எதற்காவது முனகினால் "யாருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தது அம்மா. அம்மா போன பிறகு அந்தக் கேள்வி மகளிடம் வந்து சேர்ந்தது.

மகள் லிஃப்ட் பழுதுபார்க்கும் இஞ்சினியர். பேச்சில் கஞ்சம். அப்பாவுக்கு நேரெதிர். அவருக்கு ஒரே ஒரு சொல்லின் மேல்தான் பித்து. தினமும் வாயில் புரள்கிற 'வலி' என்ற சொல். அது எந்த மொழியில் எங்கிருந்து வந்தது என்று குடைந்துகொண்டே இருப்பார். அன்றும் விரிப்பை உதறும்போது ஆரம்பித்தார்.

"இங்கிலீஷ்ல பெயின்னு சொல்றாங்களே, அது லத்தீன்ல தண்டனைம்மா."

"வலிக்கிறவன் தப்பு பண்ணவனா?"

"அப்படித்தான் நினைச்சிருப்பாங்க. அதே எழுத்தை பிரெஞ்சுக்காரங்ககிட்ட காட்டினா ரொட்டிம்பாங்க. சொந்தமெல்லாம் இல்ல, எழுத்து மட்டும் ஒண்ணு."

"பசிக்குதா உங்களுக்கு?"

"கேளு. சுவாஹிலில வலிக்கும் கசப்புக்கும் ஒரே வார்த்தை. இந்தோனேசியாவுல வலியும் நோயும் ஒண்ணுதான், ஆஸ்பத்திரிக்கே நோய் வீடுன்னு பேரு. நம்மதுதான் வேடிக்கை. வலின்னா பலம். வலின்னா இழுக்கறது, துடுப்பு வலிக்கறோம்ல. வேதனைக்கும் அதே. இதுல எது முந்தி, எது பிந்தி?"

"இழுக்கறது முந்தி. இழுக்க பலம் வேணும். இழுத்தா தோள் வலிக்கும்."

அப்பா விரிப்பைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். "நான் மண்டைய உடைச்சிக்கிட்டத நீ மூணு வரியில முடிச்சிட்ட."

"மூலைய இழுங்க."

இழுத்தார். "ஆனா எந்த ஊரு வார்த்தைய உரிச்சாலும் உள்ள ஆள் இல்லம்மா. தண்டனை இருக்கு, கசப்பு இருக்கு. வலிக்கிறவனைக் காணோம்."

"தைலம் தரவா?"

"வேணாம், சரியாயிடுச்சு."

மறுநாள் அவள் ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கம்பியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. அவள் போய்ச் சேர்வதற்குள் அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

நடந்ததை நர்ஸ்தான் சொன்னாள். நாலுவாயரோடு பல வருஷம் வேலை பார்த்தவள்.

"ஒரு வயசான அம்மா, அக்கா. கால் வீக்கத்துக்கு வந்தவங்க. டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லி நீளமா என்னமோ சொன்னாங்க. சார் கேட்டுட்டு, டாக்டர் பக்கம் திரும்பி, 'எனக்கு நெஞ்சு வலிக்குது'ன்னாரு."

"அப்புறம்?"

"அந்தம்மாவைப் படுக்க வெச்சு ஈசிஜி எடுத்தோம்."

"அந்தம்மாவுக்கா?" என்றாள் மகள்.

"வலி கைக்கு இறங்குதான்னு கேக்கச் சொன்னாரு டாக்டர். சார் அந்தம்மாகிட்ட கேட்டாரு. அவங்க இல்லைன்னு தலையாட்டினாங்க. சாரும் 'இல்லை'ன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப 'வலிக்குது'ன்னாரு. வேர்த்துக் கொட்டுச்சு, புழுக்கம்னு நினைச்சேன். டாக்டர் ஈசிஜியைப் பாத்துட்டு, 'பயப்பட வேணாம்னு சொல்லுங்க, இதயம் நல்லா இருக்கு'ன்னாரு. அதையும் சார் அந்தம்மாகிட்ட சொன்னாரு. அப்படியே கட்டில் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாரு."

சொந்தப் பேச்சு பேச வேண்டுமென்றால் அதற்கும் ஒரு விதி உண்டு. 'மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார்' என்று தொடங்க வேண்டும். அது மகளுக்குத் தெரியும்.

"அதை ஏன் சொல்லல?"

"மூச்சு இருந்திருக்காதுக்கா."

பயப்பட வேண்டாம் என்று சொல்வதற்கு மூச்சு இருந்திருக்கிறது என்று மகள் நினைத்தாள்.

டாக்டர் தாழ்வாரத்தில் வந்து நின்றார். இளைஞர்தான். "நோயாளி முகத்தைப் பாத்துதான் பேசணும், மொழிபெயர்க்கிறவரைப் பாக்கக் கூடாதுன்னு எங்களுக்குப் பழக்கியிருக்காங்க. நான் அவரைப் பாக்கவே இல்ல" என்றார். அவள் அந்த ஈசிஜி தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். கோடு ஒழுங்காக ஏறி இறங்கியது. மெஷினில் பழுதில்லை. இணைப்பில் பழுதில்லை. ஆள்தான் வேறு. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து, அப்பாவின் அலமாரியைக் காலி செய்ய மறுபடி மருத்துவமனைக்குப் போனாள். ஒரு மேல்கோட்டு, ஒரு குடை, பாதி தீர்ந்த இருமல் மிட்டாய். பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், டாக்டரின் அறைக்கு எதிர் பெஞ்சில் வீங்கிய காலோடு ஒரு வயதான பெண்மணி உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் மகளைக் காட்டி, தன் வாயைத் தொட்டு, மொழிபெயர்த்தவரின் மகள் என்று ஜாடை செய்தாள். அந்தம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். நீளமான பேச்சு. கடைசியில் குரல் உயர்ந்து நின்றது. கேள்வி.

"அன்னைக்கு சார்கிட்ட கேட்டதுதான்னு நினைக்கிறேன்க்கா" என்றாள் நர்ஸ். "தினமும் வந்து அதையே சொல்றாங்க. அவங்க பாஷை இங்க சாருக்கு மட்டும்தான் தெரியும். போன்ல மொழிபெயர்க்கிற கம்பெனியிலயும் கேட்டாச்சு. ஆள் இல்லையாம்."

மகள் தன் போனை எடுத்து, திரும்பச் சொல்லும்படி சைகை காட்டினாள். அந்தம்மா சொன்னாள். பதிவு செய்துகொண்டாள். போனிலிருந்த மொழிபெயர்ப்புச் செயலி என்ன மொழி என்று கேட்டது. பட்டியலைக் கடைசி வரை தள்ளிப் பார்த்தாள். அந்த மொழி அதில் இல்லை.

கதவைத் தட்டி உள்ளே போய் டாக்டரிடம் போட்டுக் காட்டினாள். அவர் முழுவதும் கேட்டார்.

"என்ன கேக்கறாங்க?"

"தெரியல."

வெளியே பெஞ்சில் அந்தம்மா பதிலுக்குக் காத்திருந்தாள்.