சிரித்த பாவத்துக்கு

ஓடெல் ஸ்டர்ஜிஸ் வாயைத் திறந்தால் அந்தச் சொல் வராமல் ஒரு பேச்சு முடியாது. வெள்ளைக்காரர்கள் கறுப்பர்களான எங்கள் பாட்டன் பூட்டனையெல்லாம் கூப்பிட்ட சொல்தான். எது என்று உங்களுக்குத் தெரியும், நான் அதை எழுதப் போவதில்லை. ஓடெல் அதை டிவியில் செய்தி வாசிப்பவரைப் பார்த்துச் சொல்வார். டயாலிசிஸ் இயந்திரம் கூவினால் இயந்திரத்தைச் சொல்வார். படுத்துவிட்ட தன்னுடைய இரண்டு சிறுநீரகங்களையும் சொல்வார். பிடித்த ஆளைச் சொல்லும்போது குரல் குழையும். பிடிக்காத ஆள் என்றால் அதே சொல் பல்லில் கடிபடும்.

கேரி நகரத்தில், பிராட்வேயில், முன்பு செருப்புக்கடை இருந்த கட்டடத்தில் எங்கள் டயாலிசிஸ் நிலையம் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி காலை எங்கள் முறை. ஜன்னலோர நாற்காலி ஓடெலுடையது, பக்கத்தது என்னுடையது. கையில் இரண்டு ஊசிகளைக் குத்தி ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விட நாலு மணி நேரம் ஆகும். அதுவரை எழுந்திருக்க முடியாது. பக்கத்தில் யார் என்ன பேசினாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆரம்பத்திலேயே நான் சொல்லிவிட்டேன்.

"ஓடெல், என் காதுல விழற மாதிரி அதைச் சொல்லாதீங்க. எங்கப்பாவை மிசிசிப்பியில ஒருத்தனும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. இதைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க."

"எங்கப்பாவையும் அப்படித்தான் மிஸ் வில்லா. அதனாலதான் நான் எடுத்து வச்சுக்கிட்டேன். அவனுங்க கையிலயே ஏன் விட்டு வைக்கணும்?"

"குப்பையை யாராவது எடுத்து வச்சுக்குவாங்களா?"

"குப்பையில இருந்துதான நம்ம பாதி வீடே ரொம்பிச்சு," என்று சிரித்தார்.

ஊசி குத்த வரும் ஜனெல் சின்னப் பெண், எங்கள் ஆள்தான். அவளுக்கு வேறொரு கட்சி. "நமக்குள்ள பேசிக்கிறது நம்ம விஷயம் மிஸ் வில்லா. வெள்ளைக்காரங்க முன்னால பேசக்கூடாது, அவங்களும் பேசக்கூடாது. அவ்வளவுதான்." இப்படி மூன்று பேருக்கு மூன்று நியாயம். யாரும் யாரையும் மாற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் களைப்பு வந்துவிடும், போர்வையை இழுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வோம்.

ஓடெல் எஃகு ஆலையில் கிரேன் ஓட்டியவர். முதலில் நிலக்கரியைச் சுட்டெடுக்கும் கோக் அடுப்பின் மேல், அந்த அனலிலும் புகையிலும் நின்று வேலை செய்தாராம். அந்த நாளில் எங்கள் ஆட்களுக்கு அந்த அடுப்புதான் விதி. வழக்குப் போட்டு, தீர்ப்பு வந்து, அதற்குப் பிறகே கிரேன் மேல் ஏறியிருக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் யோலாண்டா இண்டியானாபொலிஸில் இருந்து தினமும் போனில் அழைப்பாள். வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் விலக்கு. தண்ணீர் கூட அளவுதான். "இனிமே என்கிட்ட இருந்து என்னத்தை எடுத்துக்கப் போறாங்க?" என்று கேட்பார். கேள்வியில் கோபம் இருக்காது.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஜெரி வுகோவிச் வந்தார். செர்பிய வம்சத்து வெள்ளைக்காரர், பெரிய உடம்பு, பக்கத்து ஊரான ஹோபார்ட்டில் வீடு. வாசலிலேயே ஓடெலைப் பார்த்துவிட்டார்.

"யார்ரா இது, நீ செத்துட்டன்னுல்ல நெனச்சேன்," என்று சொல்லி, கடைசியில் அந்தச் சொல்லையும் சேர்த்தார்.

பக்கத்து வரிசையில் இருந்தவர் போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தார். ஜனெல் கையில் எடுத்த பிளாஸ்திரியை ஒட்டாமல் நின்றாள். ஓடெல் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதித்து வந்தது. பக்கத்தில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது.

"வுக்கு, நீ இன்னும் சாகலையா," என்று சொல்லி அவரும் அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டார்.

இருவரும் ஆலையில் ஒரே கொட்டகையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர்கள். மேலே ஓடெல் கிரேன் ஓட்ட, கீழே நின்று வுக் சங்கிலி மாட்டுவார். எதிரெதிர் நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கூடைப்பந்து, பழைய ஃபோர்மேன்கள், செத்துப்போனவர்கள், யாருக்குக் கால் எடுத்தார்கள் என்று பேச்சு ஓடும். வுக் நல்ல மனிதர். என் போர்வை நழுவினால் தன் காலாலேயே தள்ளி மேலே விடுவார். கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் கம்பளிக் காலுறை கொண்டுவந்தார். ஆனால் இரண்டு பேச்சுக்கு ஒருமுறை அந்தச் சொல் அவர் வாயில் இருந்து வந்து விழும். வந்து விழும்போதெல்லாம் ஓடெல் சிரிப்பார், சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஜனவரியில் ஜனெல் மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டாள். மேலாளர் பெத் என்ற வெள்ளைக்காரப் பெண், எதற்கும் பயந்த முகம். அந்த வாரம் வுக்குக்குச் சளி, வரவில்லை. இதுதான் நேரம் என்று ஓடெலின் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"மிஸ்டர் ஸ்டர்ஜிஸ், அந்த... அந்த வார்த்தையை மிஸ்டர் வுகோவிச் சொல்றது உங்களுக்குச் சங்கடமா இருக்கா?"

"எனக்கு இந்த ஊசிதான்மா சங்கடமா இருக்கு."

"இல்ல, நீங்க சங்கடம்னு சொன்னா நாங்க நடவடிக்கை எடுக்கலாம். இல்லைன்னு சொன்னா..."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா, அது உங்க ரெண்டு பேருக்குள்ள."

ஓடெல் என்னைப் பார்த்தார். "இந்த ரூம்ல இத்தனை பேர் இருக்காங்க," என்றார். "எல்லாருக்கும் காது இருக்கு. என்னை மட்டும் எதுக்கு ஜட்ஜா உக்கார வைக்கிறீங்க? நான் ரத்தம் சுத்தம் பண்ண வந்தேன்."

பெத் போன பிறகு ஜனெல் வந்தாள். "மிஸ்டர் ஓடெல், ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ல. ஏன் அவரைக் காப்பாத்துறீங்க?"

"நான் யாரையும் காப்பாத்தல கண்ணு. சும்மா உக்காந்திருக்கேன்."

"சும்மா உக்காந்திருக்கறதுதான் அவருக்கு வசதி."

அன்று சாயங்காலம் யோலாண்டாவும் போனில் பிடித்துக்கொண்டாளாம். யார் சொன்னார்களோ தெரியாது. "அப்பா, ஒரு வெள்ளைக்காரன் உங்களை அப்படிக் கூப்பிடறான், நீங்க சிரிக்கிறீங்களாமே?" ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியார் தனியாகக் கூப்பிட்டு, முதலில் உங்கள் வாயைச் சுத்தம் பண்ணுங்கள் என்றிருக்கிறார். திங்கட்கிழமை வந்து உட்காரும்போதே ஓடெல் வாடிப்போயிருந்தார்.

"ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு எழுதி வச்சுக்கிட்டு, என் கையெழுத்துக்கு அலையறாங்க மிஸ் வில்லா."

பெத் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். இனி யாரும் யாரையும் அந்தச் சொல்லால் குறிப்பிடக்கூடாது என்று சுவரில் ஒரு தாள் ஒட்டினாள். எந்தச் சொல் என்று தாளில் இல்லை. வுக் சளி தீர்ந்து வந்து அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "என்ன சொல்லுன்னு போடாம எப்படிடா தடை?" என்று கேட்டார். ஓடெல் வழக்கம்போல் இயந்திரத்தைத் திட்டினார், அந்தச் சொல்லைப் போட்டுத்தான். வுக் வயிறு குலுங்கச் சிரித்து, "இவனைப் பிடிங்க, மொதல் கேஸ் இவன்தான்," என்று அந்தச் சொல்லையே சொல்லி ஓடெலைக் காட்டினார்.

பெத் வேகமாக வந்தாள். இன்னொரு முறை நடந்தால் வேறு நிலையம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று வுக்கிடம் சொன்னாள். வுக்கின் முகம் சிவந்தது.

"அவன் சொல்லலாம், நான் சொல்லக்கூடாதா? நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து நாங்க இப்படித்தான் பேசிக்கிறோம். ஊர்ல இருக்கற எல்லா வெள்ளைக்காரனும் சொல்லணும்னு நான் கேக்கல. நான் வேற. இவனும் நானும் ஒண்ணா சோறு தின்னவங்க. இவனே எனக்கு அனுமதி கொடுத்தான். கேளு அவன்கிட்ட. சொல்லுடா."

எல்லோரும் ஓடெலைப் பார்த்தார்கள். பெத், ஜனெல், எதிரில் வுக், வரிசையில் இருந்த நாங்கள் எல்லோரும். முடிந்திருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். கையில் ஊசி.

"நான் கொடுக்கல வுக்கு," என்றார்.

"என்னடா சொல்ற?"

"கொடுக்கல. நீயே எடுத்துக்கிட்ட. நான் விட்டுட்டேன்."

ஓடெல் மெதுவாகச் சொன்னார். குரல் உயரவே இல்லை. "எழுபத்தி நாலு, எழுபத்தஞ்சு இருக்கும். கொட்டகையில சாப்பாட்டு பெஞ்சு. கிரேன்ல எங்காளுன்னா நான் ஒருத்தன்தான், மேல ஏறி ரெண்டு மாசம் கூட ஆகல. நான் என்னையே கிண்டல் பண்ணிக்கிட்டு ஒரு ஜோக் சொன்னேன், அந்தச் சொல்லு அதுல இருந்துச்சு. நீ திருப்பி என்னைப் பாத்து அதைச் சொன்ன. பெஞ்சுல பன்னெண்டு பேரு. எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க, நான் என்ன பண்ணப் போறேன்னு. உங்க மாமா ஃபோர்மேன். யோலாண்டா கைக்குழந்தை. நான் சிரிச்சேன்."

"அது ஜோக்குடா. எல்லாரும் சிரிச்சோம்."

"ஆமா. எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். அன்னைலருந்து நான் சிரிச்சுக்கிட்டே இருக்கேன்."

"நாப்பது வருஷம் ஆச்சு. ஒரு நாளாச்சும் வாயைத் திறந்து வேண்டாம்னு சொன்னியா?"

"இல்ல."

"அப்ப எனக்கு எப்படிடா தெரியும்?"

ஓடெல் யோசித்தார். "தெரியாதுதான்," என்றார். "ஆனா என்னைக்காவது கேட்டியா?"

"நீ என்னைச் சொன்னியே, அதே சொல்லால," என்றார் வுக். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அறுபத்தொன்பது வயசு ஆள்.

"உன்னைச் சொன்னா உனக்கு என்னடா ஆகும்? வீட்டுக்குப் போற வழியில எந்தப் போலீஸாவது உன்னை அதச் சொல்லி நிறுத்துவானா?"

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வேறு வழி இல்லை. வுக் டிவியைப் பார்த்தார். ஓடெல் கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. முடிந்ததும் வுக் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். புதன்கிழமை எதிர் நாற்காலியில் வேறொரு அம்மாள் இருந்தார். வுக் செவ்வாய், வியாழன், சனி முறைக்கு மாறிவிட்டார் என்றார்கள்.

ஜனெலுக்குச் சந்தோஷம். ஓடெலுக்குக் கோப்பையில் ஐஸ் துண்டுகள் கொண்டுவந்து கொடுத்தாள், அளவுக்கு மேலேயே. "நல்லாச் சொன்னீங்க மிஸ்டர் ஓடெல். எவ்வளவு லேசா இருக்கும் இப்ப."

"லேசா இல்ல கண்ணு."

அவள் முகம் விழுந்ததைப் பார்த்து, "நீ செஞ்சது தப்புன்னு சொல்லல," என்றார். "உன் வயசுல நானும் அதைத்தான் செஞ்சிருக்கணும். ஆனா என்னோட பழைய நாளைப் பேச மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன். இப்ப நான் யார்கிட்டப் போய் அந்தக் கொட்டகையைப் பத்திப் பேசறது?"

அவள் இயந்திரத்தின் எண்களைக் குறித்துக்கொண்டு போனாள்.

அந்தச் சொல்லை யாருமே சொல்லக்கூடாது என்பதுதான் என் கட்சி. நான் கேட்டது பாதிக்கு மேல் நடந்தும்விட்டது, ஏனென்றால் ஓடெலும் அதற்குப் பிறகு அதை அதிகம் சொல்லவில்லை. இயந்திரம் கூவினால் கூடக் கையைக் காட்டி ஜனெலைக் கூப்பிடுவதோடு சரி. பேச்சும் குறைந்தது. எனக்கு அது பிடித்தமாகவும் இல்லை.

பிப்ரவரி கடைசியில் ஏரியிலிருந்து பெரும் பனி அடித்தது. ஒரு நாள் நிலையம் மூடி, மறுநாள் இரண்டு முறைக்காரர்களையும் சேர்த்து வரச்சொன்னார்கள். நேரம் குறைத்து, ஆளுக்கு மூன்று மணி நேரம்தான். வுக் வந்திருந்தார். கோடி நாற்காலியில் இடம் கொடுத்தார்கள். இளைத்திருந்தார். இடது காலில் கட்டுப் போட்டு, கைத்தடி வைத்திருந்தார்.

அவருக்கு முதலில் முடிந்தது. கோட்டு மாட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து நின்றார்.

"ஓடெல்," என்றார்.

ஓடெல் நிமிர்ந்து பார்த்தார். "உக்காரு."

"வண்டி நிக்குது." ஆனாலும் போகவில்லை. "கால் ரெண்டு விரல் எடுத்துட்டாங்க."

"கேள்விப்பட்டேன். எந்த விரலு?"

"சின்னது ரெண்டு."

"பெருவிரலைக் காப்பாத்திக்கோ. அது போனா நடக்கவே வராது."

"ம்." வுக் தடியை மாற்றிப் பிடித்தார். "உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா என்னவோ மாதிரி இருக்குடா. எங்க மாமா உன்னை வேலைக்குக் கூப்பிடற மாதிரி."

"எனக்கும் அப்படித்தான் கேக்குது."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"தெரியல வுக்கு. என்னைக் கேக்காத. இந்த வருஷம் எல்லாத்தையும் என்கிட்டயே கேட்டுட்டாங்க."

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். வுக் தலையை ஆட்டினார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரும் என நான் காத்திருந்தேன், வரவில்லை. வரவேண்டும் என்று ஓடெல் எதிர்பார்த்த மாதிரியும் தெரியவில்லை. "சனிக்கிழமை ஆட்டம் இருக்கு," என்றார் வுக். "பாப்பியா?"

"பாப்பேன், தூங்காம இருந்தா."

"ஃபோன் பண்றேன்."

"பண்ணு."

அவர் தடியை ஊன்றி ஊன்றி வாசல் வரை போவதை ஓடெல் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்து குளிர் உள்ளே வந்து போனது.

அடுத்த திங்கட்கிழமை நான் கேட்டேன். "ஃபோன் பண்ணினாரா?"

"பண்ணினான். பாதி ஆட்டம் வரைக்கும் பேசினோம்." போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். "ரொம்ப மரியாதையாப் பேசறான் மிஸ் வில்லா. ரெண்டு பேருமே வார்த்தையைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசறோம். அலுத்துப்போச்சு, வச்சிட்டோம்."

"மறுபடி பண்ணுவாரா?"

"பண்ணுவான்னுதான் நினைக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, ஜனெல் ஊசி குத்துவதற்காகக் கையை நீட்டினார்.