ஹியூபேட் மாமாவின் மூன்று தட்டு அடுப்பு

புளோறன்ஸ் மாமியின் அண்ணன் ஒஸ்வால்ட் வெள்ளவத்தையில் வானொலி திருத்துபவர். கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பின்வந்த சோதனைகளின்போது அவருடைய கடை மேசையில் ஒரு மணிக்கூடும் சில மின்கம்பித் துண்டுகளும் அருகருகே கிடந்தன. அவை எதற்கு என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவரை வாகனத்தில் ஏற்றிவிட்டார்கள். அந்த ஆண்டின் நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கியபோதும் அவர் வழக்கு எதுவும் தொடுக்கப்படாமல் களுத்துறைச் சிறையிலேயே இருந்தார்.

அந்த நாட்களில்தான் எங்கள் தாய்மாமன் ஹியூபேட், தமது திருமண வெள்ளிவிழாவுக்கு வீட்டிலேயே பியர் காய்ச்சுவதென்று தீர்மானித்தார்.

"என்ர அண்ணன் உள்ளுக்க கிடக்கிறான். உங்களுக்கு பியர் கேக்குதோ?" என்று மாமி கேட்டிருக்கிறார்.

"அவன் வெளிய வந்தா முதல் கிளாஸ் அவனுக்குத்தான், புளோறா."

"அவன் வெளிய வாறதுக்கு முதல் நீங்கள் உள்ளுக்க போயிடுவீங்கள் போல கிடக்கு."

மாமா துறைமுகத்தை அடுத்திருந்த கப்பல் திருத்தும் பட்டறையொன்றில் கொதிகலன்களுக்கு வெல்டிங் செய்பவர். ஒருமுறை ஒரு கப்பலின் பொறியியலாளர் தாமே காய்ச்சிய பியரை அவருக்கு ஊற்றிக் கொடுத்துச் செய்முறையையும் விளக்கியிருந்தார். நீர், குழாய், நெருப்பு ஆகிய மூன்றும்தான் அதில் பெரும் வேலை என்று அறிந்தவுடன், அது தமது தொழில் என்று மாமாவுக்குத் தோன்றிவிட்டது. பியருக்குக் கசப்பூட்டும் ஹொப்ஸ் என்ற உலர்ந்த பூக்களில் ஒரு பொதியையும் அந்த மனிதர் கொடுத்துச் சென்றார். பார்லி கடையில் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. கஞ்சிக்கு விற்கும் தீட்டிய பார்லி முளைக்காது என்பதுதான் சிக்கல். உமி நீங்காத பார்லியை புறக்கோட்டைத் தானியக் கடையொன்றில் சொல்லி எடுப்பித்து, ஈரச் சாக்கில் முளைக்க வைத்து, முற்றத்தில் காய வைத்தார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மாமாவின் தந்தை சூசைதாசன், கசிப்பு என்று கொழும்பில் வழங்கும் கள்ளச்சாராயத்தினால் கண்பார்வை கெட்டு இறந்தவர். அந்தச் சொல்லை மாமாவின் முன்னிலையில் எவரும் விளையாட்டுக்கும் சொல்வதில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் காய்ச்சுவதும் சட்டப்படி குற்றமே என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும், நத்தாருக்கு வீட்டுக்கு வீடு வைன் போடும் தெருவில் அது பெரிய காரியமாகாது என்றும், கசிப்புக்காரர்களோடு தம்மை ஒப்பிடுவது மட்டுமே அவமானம் என்றும் அவர் எண்ணினார்.

அடுப்பைத் தாங்கும் சட்டத்தை அவர் பட்டறையில் கழித்துவிடப்பட்ட எல் வடிவ இரும்பில் செய்தார். படிக்கட்டைப் போல மூன்று தட்டுகள். மேல்தட்டுப் பானையில் வெந்நீர். நடுத்தட்டில் பார்லி ஊறும் பானை. கீழ்த்தட்டில் வடித்த சாற்றைக் கொதிக்கவைக்கும் பெரிய பானை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் தானாகவே இறங்கும், பம்பு தேவையில்லை என்பதில் அவருக்குப் பெருமை. ஆனால் நீர் இறங்குவதற்கு உயரம் வேண்டும். ஆகவே மேல்தட்டு பின்முற்றத்து மதிலுக்கு மேலாக எழுந்து நின்றது. வெப்பம் குறையாதிருக்கச் சாக்குச் சுற்றிய பானையும், பக்கவாட்டில் நீட்டிய இரும்புக் குழாயும் தெருவிலிருந்து தெரிந்தன. குழாயின் வாய் துறைமுகத்தை நோக்கியிருந்தது. அதைக் கவனிக்க மாமாவுக்குத் தோன்றவில்லை. துறைமுகம் அவருக்கு வேலைக்குப் போகும் திசை மட்டுமே.

பர்னரைத் தெரிவுசெய்வதில்தான் அவர் நெடுநாள் தடுமாறினார். சாப்பாட்டுக் கடைகளின் மண்ணெண்ணெய் பர்னர் மலிவானது; ஆனால் அதன் நாற்றம் சாற்றில் ஏறும். வீட்டுக் காஸ் அடுப்பின் வளையம் சத்தமில்லாதது. மேல்தட்டு நீரைச் சூடாக்க அது போதும், பெரிய பானையைக் கொதிக்க வைக்க அதனால் ஆகாது. எஞ்சியது, ஜம்பட்டா வீதியில் விருந்துகளுக்குப் புரியாணி சமைத்துக் கொடுக்கும் பௌஸியிடம் இருந்த வார்ப்பிரும்பு பர்னர். ஒரே தட்டைச் சுற்றிப் பலர் உண்ணும் சகன் சோற்றுக்கான பெரிய தேக்சாப் பானைகளை ஏற்றும் பர்னர் அது. அதைக் கேட்டுப் போனபோது பௌஸி முதலிலேயே கையை உயர்த்தித் தடுத்தாராம்.

"என்னத்துக்கெண்டு எனக்கு செல்ல வாணாம், ஹியூபேட். செல்லாட்டி எனக்கு தெரியா. தெரியாட்டி எனக்கு பாவமுமில்ல."

"நீ கேக்காத, நான் சொல்லேல்ல."

"ஒண்டு மட்டும் கேட்டுக்கோங்க. இவனுக்கு கோவம் கூட. இந்தப் பின்பக்கத்துக் காத்து மூடிய தொறந்து வெச்சுப் பத்த வெச்சா, குளிர்ந்து கெடக்கக்குள்ள ஒரு வெடி வெடிப்பான். எங்கட ஆக்கள் பழகிட்டாங்க. உங்கட தெருவுல வெடிச்சா ஆமிதான் வரும்."

மாமா அதைப் பட்டறையில் தட்டிச் சீராக்கிவிடலாம் என்று எண்ணினார். சீராகவில்லை. இருமுறை பற்றவைத்துப் பார்த்தபோது இருமுறையும் துப்பாக்கிச் சத்தம் போல வெடித்துவிட்டுத்தான், பிறகு இரைந்துகொண்டு நீலமாக எரிந்தது. இரண்டாம் வெடியில் மாமி கையிலிருந்த அரிசிச் சுளகைப் போட்டுவிட்டார்.

"இஞ்சாருங்கோ, இந்தச் சனியனைத் திருப்பிக் குடுங்கோ."

"மூடியைக் கொஞ்சம் சாத்தினா வெடிக்காது. ஆனா சுவாலை மஞ்சளாப் போயிடும், பானையில கரி பிடிக்கும். கொதிகலன் வேலை செய்யிற ஒருத்தன் மஞ்சள் நெருப்பு எரிக்கிறதோ? நீர் சும்மா இரும், நான் பாக்கிறன்."

பார்லியை ஊறவைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து மாமி வீடு திரும்பியபோது, மேல்தட்டு வளையம் அணைக்கப்பட்டு, பார்லி நடுத்தட்டில் சாக்கு மூட்டைக்குள் ஊறிக்கொண்டிருந்தது. மாமா கீழ்த்தட்டு பர்னரின் குழாயைச் சவர்க்கார நுரை பூசிச் சோதித்துக்கொண்டிருந்தார். மாமி உடுப்பு மாற்ற அறைக்குள் சென்றார். கட்டிலருகே இருக்கும் மணிக்கூட்டைக் காணவில்லை.

இந்த ஓரிடத்தில் மட்டும் இருவர் கூற்றுகளும் வேறுபடுகின்றன. மணிக்கூட்டை மாமிதான் எடுத்துத் தந்தார் என்றார் மாமா. கேட்காமலே எடுத்துப் போனார் என்றார் மாமி. எவ்வாறாயினும், பர்னரின் இரைச்சலில் நேரம் தவறாமல் ஹொப்ஸ் பூக்களை இடுவதற்காக, அந்த மணிக்கூடு சட்டத்தின் காலில், காஸ் சிலிண்டருக்கு நேர் மேலே, செப்புக் கம்பியால் இறுகக் கட்டப்பட்டிருந்தது.

மாமி முற்றத்துக்கு வந்து அதைக் கண்டு வாய் திறப்பதற்குள் வாசற்கதவு தட்டப்பட்டது.

ஒரு பொலிஸ் சார்ஜன்ட், துப்பாக்கியோடு இரண்டு படைவீரர்கள். மதிலுக்கு மேலே ஏதோ நீட்டிக்கொண்டு நிற்கிறது, துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது என்று தகவல் கிடைத்ததாகச் சார்ஜன்ட் சிங்களத்தில் சொன்னார். அடையாள அட்டைகளை வாங்கிப் பெயரை வாசித்தார். பிறகு வீட்டின் ஊடாகப் பின்முற்றத்துக்கு நடந்தார். மாமி அவருக்கு முன்னே போய்விட முயன்றார். ஒரு படைவீரன் கையை நீட்டி மறித்துவிட்டான்.

முற்றத்துப் படியில் சார்ஜன்ட் நின்றார். இரும்புச் சட்டம், சுருள் செப்புக் குழாய், நீல நிறச் சிலிண்டர், அதன் மேல் கம்பியால் கட்டிய மணிக்கூடு. மணிக்கூட்டின் ஓசை தெளிவாகக் கேட்டது. படைவீரர் இருவரும் பின்வாங்கித் துப்பாக்கியை உயர்த்தினார்கள்.

"மே மொகத?" இது என்ன என்று கேட்ட சார்ஜன்டின் குரல் மிகவும் தாழ்ந்திருந்ததாக மாமா சொல்வார்.

கையிலிருந்த சவர்க்காரத் தூரிகையைக் கீழே போடவும் மாமா அஞ்சினார்.

"அடுப்பு, சேர். சமைக்கிற அடுப்பு." அவருடைய சிங்களம் துறைமுகத்தில் பழகியது, சரளமானது. அன்று அது தட்டுத் தடுமாறி வந்தது.

அடுப்புக்கு மணிக்கூடு எதற்கு என்று சார்ஜன்ட் கேட்டார். நேரம் பார்க்க என்று மாமா சொன்னார். சொன்ன பிறகுதான் அந்த விடை எப்படிக் கேட்கும் என்பது அவருக்கு விளங்கியது. ஒஸ்வால்டும் ஏறத்தாழ அதையேதான் சொல்லத் தொடங்கியிருந்தார்.

குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவை அழைக்கப் போவதாகச் சார்ஜன்ட் சொன்னார். அவர்கள் வந்தால் தெரு முழுவதையும் வெளியேற்றுவார்கள். தாளில் குண்டு என்று எழுதப்படும். அப்படி எழுதப்பட்ட பிறகு அது அடுப்பு என்று தெரியவந்தாலும், மாமா ஏறிய வாகனம் திரும்பி வராது. மாமிக்கு இது மனப்பாடம். அண்ணனுக்காக ஏறி இறங்கிய அலுவலகங்களில் கற்ற பாடம்.

"பத்த வைச்சுக் காட்டுறன், சேர்," என்றார் மாமா.

சார்ஜன்ட் யோசித்தார். பிறகு மாமியையும் இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார். படைவீரன் ஒருவன் சமையலறை யன்னலில் துப்பாக்கியை ஊன்றினான். மேல்தட்டு வளையத்தைப் பற்றவைக்கலாம் என்று மாமா நினைத்தார், அது சத்தமில்லாதது. சார்ஜன்ட் கதவின் பின்னிருந்து கையை நீட்டிக் கீழ்த்தட்டைச் சுட்டினார். மணிக்கூடு கட்டியிருப்பதைத்தான் எரித்துக் காட்ட வேண்டும்.

காற்று மூடி திறந்திருந்தது. நீலச் சுவாலைக்காக மாமாவே காலையில் அளந்து திறந்து வைத்தது. அப்படியே பற்றவைத்தால் பர்னர் வெடிக்கும். யன்னலில் ஊன்றிய துப்பாக்கி அதன் பிறகு எதையும் விசாரிக்காது.

மாமா மெதுவாகக் குனிந்தார்.

"கையை எங்க கொண்டு போறாய்?" என்று படைவீரன் கத்தினான்.

"மூடி, சேர். மூடி ஒண்டு சாத்த வேணும்."

"தொடாதே!"

மாமி கதவுக்குப் பின்னாலிருந்து தமிழிலேயே கத்தினாராம்: "சாத்துங்கோ! கரி பிடிச்சாப் பிடிக்கட்டும், மூடியைச் சாத்துங்கோ!" பிறகு சார்ஜன்டின் பக்கம் திரும்பி, அந்த மூடியைத் திருப்பாவிட்டால் அடுப்புப் பற்றாது, பற்றாவிட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள், கும்பிட்டேன் என்று சிங்களத்தில் சொன்னார். சார்ஜன்ட் படைவீரனுக்குத் தலையசைத்தார்.

மாமா மூடியை இரு விரலால் முழுவதும் திருப்பிச் சாத்தினார். முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதைப் பர்னரின் விளிம்பில் பிடித்துக்கொண்டு காஸைத் திறந்தார். வெடிக்கவில்லை. சோம்பலான மஞ்சள் நெருப்பு எழுந்து, கரும்புகையோடு பானையின் அடியை நக்கிற்று. தம் வாழ்நாளிலேயே தாம் மூட்டிய மிக மோசமான நெருப்பு அதுதான் என்பார் மாமா.

சார்ஜன்ட் வெளியே வந்து மணிக்கூட்டை அவிழ்த்து, காதில் வைத்துப் பார்த்து, மாமியிடம் நீட்டினார். பிறகு நடுத்தட்டுச் சாக்கை விலக்கி முகர்ந்தார். பார்லிக் கஞ்சி, சுகமில்லாத ஆளுக்கு என்று மாமி முந்திக்கொண்டார். சார்ஜன்டின் கண் செப்புச் சுருளில் நின்றது. கொதித்த சாற்றை ஆறவைப்பதற்கு மாமா வளைத்த குழாய் அது. கொழும்பில் எந்தப் பொலிஸ்காரரும் அப்படிப்பட்ட சுருளை வேறு இடத்தில்தான் கண்டிருப்பார்.

"கசிப்புத?" என்று அவர் கேட்டார்.

மாமா நிமிர்ந்தார். இல்லை என்று சொல்ல அவருடைய வாய் திறந்தது. இல்லை என்றால் பிறகு என்ன என்று கேட்பார்கள். பியர் என்றால் இத்தனை இரும்பு எதற்கு என்பார்கள். யன்னலில் துப்பாக்கி இன்னும் இறங்கியிருக்கவில்லை. கசிப்பு என்றால் எல்லாருக்கும் விளங்கும். மாமி மணிக்கூட்டை நெஞ்சோடு அணைத்தபடி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓவ், சேர்," என்றார் மாமா. "கசிப்பு."

சார்ஜன்ட் நீண்ட மூச்சொன்றை விட்டுச் சிரித்தார். படைவீரனும் துப்பாக்கியை இறக்கிவிட்டுச் சிரித்தான். அதே நேரத்தில் மாமியும் தொடங்கிவிட்டார்.

"நல்லாக் கேளுங்கோ, சேர்! நாளும் பொழுதும் இதே வேலைதான். பெரிய கசிப்புக்காரன்! தெருவுக்கே தெரியும்!"

"அவ்வளவு வேண்டாம், புளோறா," என்றார் மாமா தமிழில், தலைகுனிந்தபடி.

அவரை நடத்தியே நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அயலவர் கதவடியில் நின்று பார்த்தார்கள். பின்னால் நடந்த மாமி, என்ன குற்றம் என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் கசிப்பு என்று உரத்த குரலில் விடை சொன்னார். நிலையத்திலே, கசிப்புக்குப் பார்லி எதற்கு, சீனி போதுமே என்று ஒரு கான்ஸ்டபிள் ஐயப்பட்டபோது, மாமா பியரைப் பற்றி விளக்கப் போனார். மாமி அவருடைய கையைக் கிள்ளினார். மறுநாள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டம் கட்டி, மாமா வீடு வந்தார். ஒஸ்வால்ட் வீடு வர இன்னும் பல காலம் சென்றது.

வெள்ளிவிழாவில் சோடாவும் கேக்கும் பரிமாறப்பட்டன. இரும்புச் சட்டத்தைப் பொலிஸார் திருப்பித் தரவில்லை. பர்னர் மட்டும் வழக்கு முடிந்த பின் கிடைத்தது. மாமா அதைத் துடைக்காமலே பௌஸியிடம் கொண்டு போனார். பௌஸி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவன் இவ்வளவு கரி புடிக்க மாட்டானே. மூடிய சாத்திட்டா பத்த வெச்சீங்க?"

"ஓம்."

"நீங்களா? என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டு, பௌஸி அவசரமாகக் கையை உயர்த்தினார். "வாணாம், வாணாம். செல்ல வாணாம்."

தெருவில் அவருக்குக் கசிப்பு ஹியூபேட் என்ற பெயர் நிலைத்துவிட்டது. தந்தையின் கல்லறையடிக்குப் போகும் வழியிலும் அப்படி அழைத்தவர்கள் உண்டு. மாமா ஒருமுறையும் மறுத்ததில்லை. ஓம் என்று திரும்பிப் பார்ப்பார்.